மைக் செட் செபாஸ்டினின் நெஞ்சு

கடலூர் முதுநகரில் செபாஸ்டினைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய நெஞ்சு முதலில் தெரியும், முகம் அப்புறம்தான். சட்டையின் மேல் இரண்டு பொத்தான்களை அவர் போடுவதில்லை. தொண்டைக் குழிக்குக் கீழே தொடங்கி நேர்கோடாக இறங்கும் தழும்பு ஊர் பார்வைக்கு எப்போதும் திறந்திருக்கும். கேட்டால், "காத்து வாங்கணும்ல" என்பார். மார்கழிப் பனியிலும் அந்த நெஞ்சுக்குக் காற்று தேவைப்பட்டது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு கோயில் கொடியேற்றத்தன்று ஏணியில் நின்று குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்துவிட்டது. மயங்கிச் சாய்ந்தவரைச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கிழிந்த பகுதியை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் துணியால் ஆன குழாய் ஒன்றைத் தைத்து, அடியில் உலோக வால்வும் வைத்து அனுப்பினார்கள். இந்த நிலையில் வந்து பிழைப்பவர்கள் அபூர்வம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவர் மனைவி ஆரோக்கிய ராணி பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறாள்.

ஏனென்றால் அன்றிலிருந்து செபாஸ்டின் மனிதர் என்ற பதவியிலிருந்து உயர்ந்து அபூர்வம் ஆகிவிட்டார். மாதா கோயில் பங்கு மக்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்து வரிசையில் நின்றார்கள். அவர் கட்டிலில் சாய்ந்து கதை சொன்னார். முதல் வாரம் ஆறு மணி நேரமாக இருந்த ஆபரேஷன், ஹார்லிக்ஸ் தீர்வதற்குள் பன்னிரண்டு மணி நேரமாக வளர்ந்தது. உயிர்த்த ஞாயிறுக்குள் அது விடிய விடிய நடந்ததாகிவிட்டது. கதை முடிந்ததும், "கிட்ட வந்து கேளுங்க" என்று நெஞ்சைக் காட்டுவார். உள்ளே உலோக வால்வு மலிவான சுவர்க்கடிகாரம் போல டிக் டிக் என்று அடிக்கும். கேட்டவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு போவார்கள்.

வீட்டில் அந்த நெஞ்சு தான் முதலமைச்சர். கேஸ் சிலிண்டர் மாற்ற வேண்டுமா, நெஞ்சு ஒத்துக்கொள்ளாது. மகள் கிரேசியின் கல்யாணத்தில் பந்தியை மேற்பார்வை செய்ய வேண்டுமா, நெஞ்சு படபடக்கும். ஆனால் மேடையில் மைக் பிடித்து வரவேற்புரை சொல்ல அதே நெஞ்சு முக்கால் மணி நேரம் ஒத்துழைத்தது. ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை போடுபவர் என்பதால் கீரை ஆகாது என்று யாரோ சொன்னார்களாம். அவர் சாப்பிடக் கூடாது என்பது வீட்டில் யாருமே சாப்பிடக் கூடாது என்று சட்டமாயிற்று. முருங்கைக்கீரை என்றால் உயிரை விடும் ஆரோக்கிய ராணி, பக்கத்து வீட்டுச் சவரியம்மாள் வீட்டுக்குப் போய் தன் தையல் வேலைக்கு ரவிக்கை அளவு எடுக்கும் சாக்கில் தின்றுவிட்டு வந்தாள்.

தொழில் மைக் செட். 'செபாஸ்டின் சவுண்ட் சர்வீஸ்' என்று பலகை. ஸ்பீக்கரைத் தூக்குவதும் ஒயர் இழுப்பதும் ஆரோக்கிய ராணியின் தம்பி ஆன்டோவின் வேலை. "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்வது செபாஸ்டினின் வேலை. அதற்கென்றே வாய்த்த குரல். அவர் முதுநகரில் ஹலோ என்றால் துறைமுகத்தில் கருவாடு காய வைப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

மிச்ச நேரத்தில் ஆலோசனை. ஜில்லாவில் யாருக்கு நெஞ்சில் குத்தல் என்றாலும் செபாஸ்டினிடம் வந்தார்கள். வராதவர்களைத் தேடி அவர் போனார். "பெரிய கொழா மாத்துனவன் வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்தே ஆவணும். உள்ள என்னா நடக்குதுன்னு நமக்குத் தெரியாது. பயந்தா ஆவுமா? பாத்துட்டா தெரிஞ்சுபோயிடும்" என்பது அவருடைய நிரந்தரப் பிரசங்கம். சொல்வதோடு நிற்காமல், பயந்தவர்களைச் சிதம்பரத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தானே பஸ் ஏற்றிக் கூட்டிப் போவார்.

அந்தப் பஸ் பயணத்துக்கும் ஒரு சடங்கு உண்டு. செம்மங்குப்பம் நெருங்கும்போது கெமிக்கல் கம்பெனிகளின் நெடி உள்ளே வரும். எல்லோரும் பேசாமல் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். செபாஸ்டின் மட்டும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அன்பார்ந்த பயணிகளே! வண்டியில ஒரு ஹார்ட் பேஷண்ட் இருக்கேன். தயவுசெஞ்சு ஜன்னல மூடி ஒத்துழைப்புத் தாங்க!" என்று அறிவிப்பார். மைக் இல்லாத குறையே தெரியாது. கூட வந்த ஒவ்வொரு முறையும் ஆரோக்கிய ராணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "உக்காருங்க, மானம் போவுது, எல்லாரும் பாக்குறாங்க" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

சென்ற ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் செபாஸ்டினின் குரல் கம்மியது. சிலுவைப் பாதைக்கு மைக் டெஸ்ட் செய்தபோது ஹலோ என்பது காற்றுப் போன சைக்கிள் டியூப் மாதிரி வந்தது. ஆன்டோ ஆம்ப்ளிஃபயரைத் திறந்து ஊதிப் பார்த்தான். "மாமா, செட்டு நல்லாத்தான் இருக்குது. நீதான் மக்கர்" என்றான்.

பனி என்றார்கள். உப்புத் தண்ணீர், மிளகு, அதிமதுரம். ஒன்றும் ஆகவில்லை. உண்மையைச் சொன்னால் ஆரோக்கிய ராணிக்கு அந்த ஒரு மாதம் சொர்க்கம். வீடு அமைதியாக இருந்தது. தையல் மிஷின் சத்தம் அவளுக்கே கேட்டது. ரேடியோவில் பாட்டு முழுதாகக் கேட்டது. "ஒரு வாரம் எனக்கும் குடுங்க அந்தத் தொண்டையை, எங்க ஊட்டுக்காரருக்கு மாட்டி உடுறேன்" என்றாள் சவரியம்மாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அப்புறம்தான் ஆரோக்கிய ராணிக்கு ஒன்று உறைத்தது. குரல் இல்லாவிட்டாலும் கைகள் இருக்கின்றன அல்லவா? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலைக் காட்டக் குரல் எதற்கு? செபாஸ்டின் அதைச் செய்யவில்லை. சிலிண்டர் தீர்ந்த அன்று, அவள் ஆன்டோவைக் கூப்பிடுவதற்குள் அவரே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தார். சட்டையில் எல்லாப் பொத்தானும் போட்டிருந்தது. கழுத்துப் பொத்தான் உட்பட.

"என்னாங்க, நெஞ்சு எதாச்சும் பண்ணுதா?" என்று கேட்டாள். பதினோரு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவள் கேட்டதே இல்லை. கேட்கும் அவசியம் வந்ததில்லை. பதில்தான் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்குமே.

"சேச்சே. ஒண்ணும் இல்ல" என்று கிசுகிசுத்தார் செபாஸ்டின்.

மறுநாளே அவரை மஞ்சக்குப்பத்தில் தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார். குரல்நாண் இரண்டில் இடது பக்கத்தது அசையவே இல்லை. "தொண்டையில தப்பு ஒண்ணும் இல்லம்மா. இத அசைக்கிற நரம்பு நெஞ்சுக்குள்ள போய்ப் பெரிய ரத்தக்குழாயச் சுத்திக்கிட்டு மேல வருது. அங்க எதோ அழுத்துது. ஏற்கெனவே கொழா மாத்துனவர்னு சொல்றீங்க. ஒடனே நெஞ்சு ஸ்கேன் எடுங்க" என்றார்.

சிதம்பரத்துக்குக் கிளம்பினார்கள். ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே செபாஸ்டினுக்கு வரவேற்பு. செக்யூரிட்டி சல்யூட் அடித்தார். டீக்கடைக்காரர், "இன்னிக்கு யாரண்ணே இட்டாந்திருக்கீங்க?" என்றார். ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் துள்ளி எழுந்தார். மங்கலம்பேட்டை பழனிவேல். செபாஸ்டினைப் போலவே குழாய் மாற்றிக்கொண்டவர்; போன வருஷம் ஸ்கேனுக்குப் பயந்து வீட்டுக்குள் ஒளிந்திருந்தவரைச் செபாஸ்டின்தான் இழுத்து வந்திருந்தார்.

"வாங்கக்கா, அண்ணன் இல்லன்னா நான் இந்நேரம் போட்டோவுல இருப்பேன்" என்றார் பழனிவேல். "எப்படிப் பேசுனாரு தெரியுமா? பயந்தா ஆவுமா, பாத்துட்டா தெரிஞ்சுபோயிடும்னாரு. இந்த வருஷம் நானா வந்துட்டேன். அண்ணனுக்கும் இன்னிக்குத்தான் வருஷ ஸ்கேனா?"

செபாஸ்டின் தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று சொல்வது கடினம்.

ஸ்கேன் எடுக்கும் பையன் வந்து, "அண்ணே, பழைய ஸ்கேன் படம் குடுங்க, ஒத்துப் பாக்கணும்" என்றான்.

செபாஸ்டின் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த கவர் ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தது. பையன் தேதியைப் பார்த்தான். புரட்டிப் பின்பக்கம் பார்த்தான். "அண்ணே, இது ஒம்போது வருஷம் முந்தினது. கடைசியா எடுத்தது எங்க?"

"அதான் கடைசி" என்று கிசுகிசுத்தார் அவர்.

ஆரோக்கிய ராணி அவரையே பார்த்தாள். வருஷம் தவறாமல் கிளம்பினாரே. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "சிதம்பரம் ஸ்கேனுக்குப் போறேன்" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டுப் போனாரே. போனார், பொய்யில்லை. ஒவ்வொரு வருஷமும் வேறு யாரையோ மிஷினுக்குள் படுக்க வைத்துவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தைரியம் சொல்லிவிட்டு, தனக்கும் எடுத்தாகிவிட்ட நிம்மதியோடு வீடு திரும்பியிருக்கிறார். கோயிலில் மைக் கட்டிவிட்டு வாசலில் பீடி குடிப்பவர், பூசை பார்த்த கணக்கில் சேர்த்துக்கொள்வாரே, அதே கணக்கு.

"மாசா மாசம் ரத்தம் டெஸ்ட் பண்றேனே" என்றார்.

"அது மாத்திரைக்கு. ஸ்கேன் கொழாய்க்கு. இத நீங்கதான் எங்க எல்லாருக்கும் பாடம் எடுத்தீங்க" என்றாள் அவள். பழனிவேல் மரியாதைக்காக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

ஸ்கேன் முடிந்ததும் அவர்களைக் கூப்பிட்ட டாக்டர் சத்யப்பிரியாவுக்குச் சின்ன வயசு. படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். "இது உங்களுக்கு வச்ச கொழா. நல்லா இருக்கு. அது மேல போய் உங்க சொந்த ரத்தக்குழாயோட சேர்ற எடம் இது. தையல் ஓரமா சொந்தச் சுவர் வலுவிழந்து பலூன் மாதிரி வீங்கியிருக்கு. அதுதான் நரம்ப அழுத்துது."

ஆரோக்கிய ராணிக்குப் புரிந்தது. நைந்த சேலையில் புது பார்டர் வைத்துத் தைத்தால் பார்டர் அப்படியே இருக்கும், சேலைதான் தையல் ஓரமாகக் கிழியும். எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

"மறுபடி ஆபரேஷன் பண்ணணும்" என்றார் டாக்டர். "பழைய தழும்பு மேலயேதான் தொறக்கணும். உள்ள எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கும், அதனால மொத தடவைய விட ஆபத்து ஜாஸ்திதான். மறைக்கல. ஆனா விட்டா இது வெடிக்கும். எப்பன்னு யாராலயும் சொல்ல முடியாது. சென்னைக்கு எழுதித் தர்றேன். திங்கக்கெழம அட்மிட் ஆவணும். வருஷா வருஷம் பாத்திருந்தா சின்னதா இருக்கும்போதே தெரிஞ்சிருக்கும். சரி, அதப் பேசி என்ன ஆவப்போவுது."

செபாஸ்டின் எழுந்தார். கழுத்துப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"யோசிச்சுச் சொல்றேன் டாக்டர். எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்."

ஆரோக்கிய ராணி அந்த வார்த்தையை இன்னொரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். நல்லாத்தான் இருக்கேன். மருமகப்பிள்ளை போனில் மரியாதைக்கு "சௌக்கியமா மாமா" என்று கேட்டால்கூட, "எங்க மாப்ள" என்று ஆரம்பித்துப் பேட்டரி தீரும் வரை பேசும் மனிதர் அவர்.

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் சீட்டை வாங்கி ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு, கிளம்பும் முன் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். "இவரு கீரை சாப்புடலாமா டாக்டர்?"

"தாராளமா. ஒரே அளவா சாப்புடணும், அவ்ளோதான். திடீர்னு ஏத்தக் கூடாது, எறக்கக் கூடாது. யாரு வேணாம்னா?"

பதினோரு வருஷ முருங்கைக்கீரை ஆரோக்கிய ராணியின் கண்முன்னால் மரம் மரமாக வந்து நின்றது. ஆனால் சண்டை போட இது நேரமில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. சண்டைக்கு நல்ல காரணம் கிடைத்த அன்று, எதிரே ஆள் இல்லை.

மேல வீதியில் ஹோட்டலில் சாப்பிட்டார்கள். கத்தரிக்காய் கொத்சு எந்த எண்ணெயில் செய்தது, உப்பு எவ்வளவு, சமையல்காரருக்குக் குடும்பத்தில் யாருக்காவது பிரஷர் உண்டா என்று எதுவும் அவர் விசாரிக்கவில்லை. வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார்.

"திங்கக்கெழம போறோம்ல?" என்றாள்.

"திருவிழா முடியட்டும். ஆன்டோ ஒருத்தனா என்னா பண்ணுவான்."

"ஆன்டோதான பதினோரு வருஷமா ஒருத்தனா பண்றான்."

அவர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். புதுச்சத்திரம் போயிற்று. ஆலப்பாக்கம் போயிற்று. அவள் ஒவ்வொரு ஊருக்கும் ஒருமுறை கேட்டாள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு காரணம் ஏறியது. வெயில் தணியட்டும். கிரேசி வரட்டும். எல்லாக் காரணமும் இறங்கிய பிறகு, "உட்டுடு ராணி" என்றார்.

செம்மங்குப்பம் வந்தது. நெடி உள்ளே நுழைந்தது. ஆரோக்கிய ராணி பழக்கத்தில் முந்தானையை எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். இப்போது எழுந்திருப்பார் என்று காத்திருந்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. மூக்கைக்கூடப் பொத்தவில்லை. எல்லோரையும் போல, எல்லோரையும் விடக் குறைவாக, வந்த நாற்றத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரு அடக்கமான புருஷன் வேண்டுமென்றுதான் அவள் எத்தனையோ முறை ஜெபித்திருக்கிறாள். ஜெபம் கேட்கப்பட்ட லட்சணம் இது.

ஆரோக்கிய ராணி எழுந்தாள். கம்பியைப் பிடித்தாள்.

"அன்பார்ந்த பயணிகளே!"

அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தூங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் விசிலைத் தேடினார்.

"வண்டியில ஒரு ஹார்ட் பேஷண்ட் இருக்காரு. தயவுசெஞ்சு ஜன்னல மூடி ஒத்துழைப்புத் தாங்க!"

"ஏ ராணி, உக்காரு" என்று சட்டென அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார் செபாஸ்டின். "மானம் போவுது. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். பதினோரு வருஷமா கண்டவங்களுக்கெல்லாம் நெஞ்சத் தொறந்து காட்டுனீங்க. பால்காரன் பாத்துட்டான், பிஷப் பாத்துட்டாரு. டாக்டருக்குக் காட்ட மட்டும் வெக்கமா?"

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடின. பஸ்ஸுக்குள் புழுங்கியது. செபாஸ்டின் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். அவர் பேசியது கேட்க அவள் உட்கார்ந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

"மொத தடவ எனக்கு ஒண்ணுமே தெரியாது. ஏணியில நின்னேன், அவ்ளோதான். கண்ணு முழிச்சா எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. ஊரெல்லாம் தைரியசாலின்னுச்சு, நானும் ஆமான்னுட்டேன்." விரல் நகத்தைச் சுரண்டினார். "இந்தத் தடவ நானா நடந்து போயிப் படுக்கணும் ராணி. அதுக்குத்தான் அந்த மிஷின் பக்கமே போவல. பாத்தா எதாச்சும் சொல்லிருவாங்கன்னு."

பதினோரு வருஷமாக ஆரோக்கிய ராணி கேட்ட நெஞ்சுக் கதையில் இந்தப் பகுதி ஒரு தடவைகூட வந்ததில்லை. ஆறுதலாகப் பேசி அவளுக்குப் பழக்கமும் இல்லை.

"நடக்க வேணாம்" என்றாள். "ஸ்பீக்கர் பாக்ஸ் ஏத்துற தள்ளுவண்டியில ஏத்தி ஆன்டோவத் தள்ளச் சொல்றேன். டெலிவரி ஆன மாதிரி இருக்கும்."

அவர் முகத்தில் எதுவோ அசைந்தது. நெடி தாண்டிவிட்டது, யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். முதுநகர் ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது, அவர் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். அடுத்ததையும்.

"திங்கக்கெழமன்னு தான சொன்னாங்க?" என்றார்.

சென்னையில் ஆபரேஷனுக்கு நடந்துதான் போனார். வழியில் இரண்டு முறை பாத்ரூம் கேட்டார். ஆபரேஷன் அறைக் கதவருகே ஆரோக்கிய ராணியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நர்ஸ் விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ஆனால் நடந்தார். அன்று முழுக்க ஆரோக்கிய ராணி வெளியே உட்கார்ந்து, வீங்கிய இடத்தை வெட்டி இன்னொரு துணிக்குழாயைத் தைத்துக்கொண்டிருக்கும், முகம் தெரியாத யாரோ ஒருவரின் விரல்களுக்காக ஜெபமாலை சொன்னாள். சொல்லும்போதே, ஓரத்தை ரெண்டு மடிப்பாகத் தைக்கிறார்களோ என்னவோ என்று கவலைப்பட்டாள்.

பிழைத்தார். வீட்டுக்கு வந்தார். மறுபடி ஹார்லிக்ஸ், மறுபடி சாத்துக்குடி. குரல் மட்டும் திரும்பவில்லை. நசுங்கிய நரம்பு எழுந்திருப்பது சந்தேகம்தான் என்றார்கள். ஆரோக்கிய ராணி இதிலாவது ஒரு லாபம் இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. முன்பு அவர் கத்தியபோது ஜனங்கள் ஒதுங்கி நின்றார்கள். இப்போது கிசுகிசுப்பதால் நாற்காலியை இழுத்துப் போட்டு, மூச்சை அடக்கி, முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்கிறார்கள். "ஒரு தடவ யாரு வேணா பண்ணிக்கலாம். ரெண்டாவது தடவ நானே நடந்து போனேன்" என்கிறார். பழனிவேல் மங்கலம்பேட்டையிலிருந்து வந்து இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனார். அந்த இடம் வரும்போது ஆரோக்கிய ராணி உள்ளே எழுந்து போய்விடுவாள். பாத்ரூம் கதையை அவள் யாரிடமும் சொல்லவில்லை, சவரியம்மாளைத் தவிர.

அடுத்த ஸ்கேனுக்கு அவளே கூடப் போவதாக ஏற்பாடு. மிஷின் அறைக் கதவு வரை. அவர் உள்ளே போய்ப் படுத்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டீ.

நேற்றுச் சாயங்காலம் அவள் அடுப்பில் முருங்கைக்கீரை வைத்திருந்தாள். கூடத்துக் கட்டிலிலிருந்து கிசுகிசுப்பு வந்தது. "ராணி... நெஞ்சு ஒரு மாதிரியா... ஒரு டீ போட்டா..."

நன்றாகக் கேட்டது.

"காதுல உழல" என்றாள். "எழுந்து வந்து சொல்லுங்க. டாக்டரு நடக்கச் சொல்லியிருக்காங்க."

கட்டில் கிறீச்சிட்டது. முனகல். செருப்பைத் தேடும் சத்தம். அவள் கரண்டியை நிறுத்திவிட்டு நின்றாள். கூடத்தைக் கடந்து வரும் அவருக்கு முன்னால் டிக், டிக், டிக் என்று அது வந்துகொண்டிருந்தது. ஒழுங்காகத்தான் அடித்தது. அதன் பிறகு கீரையைக் கிளற ஆரம்பித்தாள்.